வரலாறு படித்துவிட்டுச் சட்டக் கல்லூரிக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அமெரிக்க முறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே பள்ளி முடித்த கையோடு சட்டம் படிக்க முடியாது. முதலில் ஏதோ ஒரு இளங்கலைப் பட்டம், அதன்பிறகு மூன்று ஆண்டு ஜே.டி. என்ற சட்டப் பட்டம். அந்த 'ஏதோ ஒரு' என்பதில்தான் எல்லாக் குழப்பமும். மற்ற நாடுகளைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி பின்னால் இருக்கிறது.

சட்டக் கல்லூரியில் சேர வரலாறு படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். மருத்துவக் கல்லூரிக்கு வேதியியலும் உயிரியலும் படித்துவிட்டு வரவேண்டும் என்பது போல இங்கே கட்டாய முன்பாடம் எதுவும் கிடையாது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், இளங்கலையில் இன்ன பாடம்தான் எடுக்க வேண்டும் என்று பரிந்துரைப்பதில்லை. வரலாறு, ஆங்கிலம், தத்துவம், அரசியல் அறிவியல், பொருளாதாரம், வணிகம் ஆகியவற்றை வழக்கமாகப் பலர் படித்துவிட்டு வருகிற பாடங்கள் என்று குறிப்பிடுகிறது, அவ்வளவுதான். இசையோ பொறியியலோ படித்துவிட்டு வந்தாலும் கதவு திறந்தே இருக்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் பலர் வரலாறு படித்தவர்கள் என்கிறார்களே?

உண்மைதான். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஹார்வர்டிலும், சோனியா சோட்டோமேயரும் எலினா கேகனும் பிரின்ஸ்டனிலும், பிரெட் கவனா யேலிலும் இளங்கலையில் வரலாறு படித்தார்கள். ஒன்பது பேரில் நால்வர். சோட்டோமேயரின் ஆய்வேடு போர்ட்டோ ரிக்கோ தலைவர் லூயிஸ் முன்யோஸ் மரினைப் பற்றியது. கேகனுடையது நியூயார்க் நகரத்துச் சோஷலிஸ்டுகளைப் பற்றியது.

ஆனால் இதை வைத்து 'வரலாறு படித்தால் நீதிபதி ஆகலாம்' என்று கணக்குப் போடாதீர்கள். இவர்கள் எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் நன்றாகப் படித்திருக்கக்கூடியவர்கள். இந்தப் பட்டியலிலிருந்து உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: வரலாறு படித்தது அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை.

அப்படியானால் வரலாறு சட்ட மாணவருக்கு என்னதான் தருகிறது?

காகிதத்தைச் சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கிறது. சுருக்கமான பதில் இதுதான்.

ஒரு பழைய கடிதம் கையில் கிடைத்தால் வரலாற்று மாணவர் அதில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடுவதில்லை. யார் எழுதியது, எப்போது, யாருக்கு? நடந்த உடனே எழுதியதா, பத்து வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதியதா? அசலா, நகலா? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்? இதே செய்தியை வேறு யாராவது தனியாகப் பதிவு செய்திருக்கிறார்களா? மூன்று வருடம் இந்தக் கேள்விகளையே கேட்டுப் பழகியவர், பிற்காலத்தில் ஒரு ஒப்பந்தத்தையோ சாட்சியின் வாக்குமூலத்தையோ ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் குவியலையோ எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும்போது புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை. சாட்சியச் சட்டம் என்று ஒரு பாடமே இந்தக் கேள்விகளை விதிகளாக்கி வைத்ததுதான்.

இதன் முழு வலிமையையும் பார்க்க வேண்டுமானால் லண்டனில் நடந்த ஒரு அவதூறு வழக்கைப் பாருங்கள். யூதப் படுகொலையை மறுத்துவந்த டேவிட் இர்விங், தன்னை மறுப்பாளர் என்று எழுதியதற்காக வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீதும் அவருடைய பதிப்பகமான பெங்குயின் மீதும் 1996-ல் வழக்குப் போட்டார். இங்கிலாந்துச் சட்டப்படி எழுதியது உண்மை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு எதிர்த்தரப்பினுடையது. எதிர்த்தரப்புக்காக வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் எவான்ஸ் உதவியாளர்களோடு உட்கார்ந்து இர்விங்கின் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து மூல ஆவணங்களோடு ஒப்பிட்டார். எங்கே தேதி மாற்றப்பட்டிருக்கிறது, எங்கே வாக்கியம் பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது, எந்தச் சொல் திரித்து மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். தவறுகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. 2000 ஏப்ரலில் இர்விங் தோற்றார். அந்த வழக்கை அடிக்குறிப்பு சரிபார்ப்பே வென்றது என்று சொன்னால் பெரிய மிகை இல்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. 2023-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிக் கொடுத்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நிஜத் தீர்ப்புகள் என்று மனுவில் மேற்கோள் காட்டிவிட்டார்கள். 5,000 டாலர் அபராதம் விழுந்தது. மேற்கோளின் மூலத்தை ஒருமுறையாவது திறந்து பார்க்கிற பழக்கம் இருந்திருந்தால் அந்தப் பணமும் மானமும் மிஞ்சியிருக்கும்.

தேதிகளை மனப்பாடம் செய்கிற படிப்புதானே இது?

பள்ளிக்கூடத்தோடு அது முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் யாரும் உங்களிடம் தேதி ஒப்பிக்கச் சொல்லப் போவதில்லை.

நீதிமன்றத்தில் வரலாறு நேரடியாக வருமா, இல்லை இது வெறும் மூளைப் பயிற்சியா?

நேரடியாகவே வருகிறது, அதுவும் சமீப காலத்தில் அதிகமாக.

கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளுக்குத் தனித்தனிப் பள்ளி வைப்பது செல்லுமா என்ற பிரவுன் வழக்கு 1952 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது. நீதிபதிகள் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. 1868-ல் ஏற்கப்பட்ட அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தத்தை இயற்றியவர்கள் பள்ளிகளைப் பற்றி என்ன நினைத்திருந்தார்கள் என்று இரு தரப்பும் ஆராய்ந்துகொண்டு வரவேண்டும் என்று 1953-ல் உத்தரவிட்டார்கள். தனிப் பள்ளிமுறையை எதிர்த்து வாதாடிய தர்குட் மார்ஷலின் குழு ஜான் ஹோப் பிராங்க்ளின், வான் வுட்வர்ட், ஆல்பிரட் கெல்லி போன்ற வரலாற்றாசிரியர்களைத் துணைக்கு அழைத்தது. கடைசியில் 1954 மே மாதத் தீர்ப்பில் நீதிமன்றம் சொன்னது: இந்த வரலாறு எந்தப் பக்கமும் முடிவாகச் சாயவில்லை. இத்தனை உழைப்புக்குப் பிறகு வேறு அடிப்படையில்தான் தனிப் பள்ளிமுறை செல்லாது என்று தீர்ப்பானது. எனக்கு இந்த வழக்கில் பிடித்த பகுதியே இதுதான். வரலாற்றைக் கேட்டுவிட்டு, அது பதில் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் ஒரு நீதிமன்றத்துக்குத் துணிச்சல் இருந்தது.

துப்பாக்கி உரிமை வழக்குகள் இன்னொரு ரகம். 2008-ல் ஹெல்லர் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகளின் தீர்ப்பும் அதை ஏற்காத நீதிபதிகளின் மாற்றுத் தீர்ப்பும் ஒரே 18-ஆம் நூற்றாண்டைப் பார்த்து எதிரெதிர் முடிவுக்கு வந்தன. 2022-ல் புருன் வழக்கில், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதித்தது. அதன்பிறகு கீழ் நீதிமன்றங்களில் பழைய காலனிச் சட்டங்களைத் தோண்டுவது வழக்கறிஞர்களின் அன்றாட வேலையாகிவிட்டது.

அமெரிக்காவுக்கு வெளியேயும் இப்படித்தான். ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலமாக இருந்தது என்ற காலனிக் கோட்பாட்டை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1992-ல் மாபோ வழக்கில் நிராகரித்தது. கனடாவில் கிட்க்சான், வெட்சுவெட்டென் பழங்குடி மக்கள் தங்கள் நிலத்துக்காக நடத்திய வழக்கில், விசாரணை நீதிபதி அவர்களுடைய வாய்மொழி வரலாற்றுக்கு உரிய மதிப்புக் கொடுக்கவில்லை. 1997-ல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. எழுதி வைக்காத சமூகத்தின் நினைவும் சான்றுதான், எழுதப்பட்ட ஆவணத்துக்கு இணையாக அதை எடைபோட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வாய்மொழி வரலாறு பற்றி ஒரு செமினாராவது படித்தவருக்கு இந்தத் தீர்ப்பு சட்டென்று பிடிபடும்.

வரலாற்றாசிரியரும் வழக்கறிஞரும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்களா?

இல்லை. வரலாறு படித்தவர்கள் சட்டக் கல்லூரியில் முதல் ஆண்டில் தடுமாறுகிற இடமும் இதுதான். யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

வரலாற்றாசிரியருக்கு 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு எழுந்து போகிற சுதந்திரம் உண்டு. நீதிபதிக்கு அது கிடையாது, தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டும். அதனால்தான் நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்று சட்டம் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறது. சான்று சமமாக இருந்தால் யார் தோற்பது என்று சொல்லும் விதி அது. ஒரு புரட்சிக்குப் பதினைந்து காரணம் சொல்லி, அவை ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொண்டன என்று விளக்கினால் வரலாற்று வகுப்பில் நல்ல மதிப்பெண். தீங்கியல் (டார்ட்) சட்ட வகுப்பில் கேள்வியே வேறு: பிரதிவாதி இதைச் செய்யாமல் இருந்திருந்தால் வாதிக்கு இந்தக் காயம் ஏற்பட்டிருக்குமா, ஆமா இல்லையா?

அப்புறம் பக்கம் எடுப்பது. வழக்கறிஞர் கட்சிக்காரருக்குச் சாதகமானதைத் தேடிப் பொறுக்குவார். பாதகமானதை எதிர்த்தரப்பு சொல்லிக்கொள்ளும். வரலாற்றில் அப்படிச் செய்தால் பெயர் கெட்டுவிடும். இப்படித் தேவைக்கேற்பப் பொறுக்கி எழுதுவதை 'வக்கீல் அலுவலக வரலாறு' என்று 1965-ல் கேலியாகச் சாடியவர், பிரவுன் வழக்கில் மார்ஷலுக்கு உதவிய அதே ஆல்பிரட் கெல்லிதான்.

சியர்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம் கமிஷன் விற்பனை வேலைகளில் பெண்களை ஒதுக்கியது என்று அரசின் சமவாய்ப்பு ஆணையம் தொடுத்த வழக்கு 1980-களில் விசாரணைக்கு வந்தபோது இரண்டு பெண் வரலாற்றாசிரியர்கள் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். பெண்கள் அந்த வேலைகளை அவ்வளவாக நாடாததற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு என்று ரோசலிண்ட் ரோசன்பர்க் நிறுவனத்துக்காகச் சாட்சி சொன்னார். வாய்ப்புக் கிடைத்த இடங்களிலெல்லாம் பெண்கள் அத்தகைய வேலைகளைச் செய்திருக்கிறார்கள் என்று ஆலிஸ் கெஸ்லர்-ஹாரிஸ் ஆணையத்துக்காகச் சொன்னார். 1986-ல் நிறுவனம் வென்றது. நுணுக்கமான வரலாற்று வாதங்கள் குறுக்கு விசாரணையில் தட்டையாகிவிடுவதை அந்த வழக்கு நன்றாகவே காட்டியது. வரலாற்றுத் துறைக்குள் அதைப் பற்றிய சண்டை பல ஆண்டுகள் ஓயவில்லை.

எழுதுவதில் வரலாறு உதவுமா?

நிறையவே. வாரம் நூற்றுக்கணக்கான பக்கம் படித்து அதை எட்டுப் பக்கத்தில் வாதமாக்கிப் பழகியவருக்கு நீளமான தீர்ப்பு பயம் தராது. ஆனால் நடையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். வரலாற்றுக் கட்டுரையில் வாசகரை மெல்ல அழைத்துப்போய் முடிவைக் காட்டலாம். சட்டக் குறிப்பில் முடிவு முதல் வரியிலேயே வரவேண்டும். பிரச்சினை என்ன, விதி என்ன, இந்த உண்மைகளுக்கு அது எப்படிப் பொருந்தும், ஆகவே முடிவு என்ன, இதுதான் வரிசை. அழகான தொடக்கப் பத்தியை எழுதிக்கொண்டு போனால் பேராசிரியர் அதைத்தான் முதலில் அடிப்பார்.

எல்சாட் தேர்வுக்கு வரலாறு கைகொடுக்குமா?

பாதி கூட இல்லை. 120 முதல் 180 வரை மதிப்பெண் கொண்ட இந்தச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்விலிருந்து புதிர் விளையாட்டுப் பகுதியை 2024 ஆகஸ்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது மதிப்பிடப்படுவது மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 35 நிமிடம். இரண்டு தர்க்கப் பகுதி, ஒன்று வாசிப்புப் பகுதி. மதிப்பெண் சேராத ஒரு சோதனைப் பகுதியும் கூடவே வரும்.

வாசிப்புப் பகுதியில் அடர்த்தியான பத்திகளைப் படித்து, ஆசிரியர் எதை வாதிடுகிறார், எதை வெறுமனே எடுத்துச் சொல்கிறார் என்று பிரிக்க வேண்டும். அது வரலாற்று மாணவரின் தினசரி வேலை. தர்க்கப் பகுதி அப்படியில்லை. 'சில', 'பெரும்பாலான', 'எனில் மட்டும்' போன்ற சொற்களைக் கறாராகக் கையாளத் தனியாகப் பயிற்சி வேண்டும். தத்துவத் துறையில் ஒரு அறிமுகத் தர்க்கப் பாடம் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி பழைய வினாத்தாள்களிலிருந்து வரவேண்டியதுதான்.

மதிப்பெண் சராசரி குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். சேர்க்கையில் எல்சாட்டும் இளங்கலைச் சராசரியும்தான் கனமானவை. சட்டக் கல்லூரிச் சேர்க்கை மன்றம் எல்லாருடைய மதிப்பெண்ணையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றிக் கணக்கிடுகிறது. அதில் ஏ பிளஸுக்கு 4.33. முதல் இளங்கலைப் பட்டம் வாங்கும் வரை எடுத்த பாடங்கள் மட்டுமே அந்தச் சராசரியில் சேரும். பின்னால் முதுகலையில் எவ்வளவு வாங்கினாலும் அது மாறாது.

ஆகவே 'சட்டத்துக்கு நல்லதாம்' என்று யாரோ சொன்னதற்காக, பிடிக்காத வரலாற்றை எடுத்து நான்கு வருடம் இழுத்துக்கொண்டு கிடப்பது மோசமான முடிவு. பிடித்த பாடத்தில்தான் மதிப்பெண் வரும்.

எந்த மாதிரியான வரலாற்றுப் பாடங்களை எடுப்பது?

சட்ட வரலாறு, அரசியல் சாசன வரலாறு இரண்டும் இருந்தால் எடுக்கலாம். பொதுச் சட்டம் (காமன் லா) எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ள இடைக்கால இங்கிலாந்து நல்ல இடம். இரண்டாம் ஹென்றியின் அரச நீதிமன்றங்களும் 1215-ன் மாக்னா கார்ட்டாவும் சொத்துச் சட்டப் பாடத்தில் திரும்ப முளைக்கும். ஆனால் எல்லாவற்றையும் சட்டத்தைச் சுற்றியே அடுக்க வேண்டாம். சட்டத்தைத்தான் பின்னால் மூன்று வருடம் படிக்கப்போகிறீர்களே. பொருளாதார வரலாறு, குடியேற்றம், அடிமை முறை, உங்களுக்கு முற்றிலும் அந்நியமான ஒரு நாட்டின் வரலாறு எல்லாம் எடுத்துப் பாருங்கள்.

துறைக்கு வெளியே அடிப்படைக் கணக்கியலும் புள்ளியியலும் ஒவ்வொன்று. வரலாறு படித்த பலர் இருப்புநிலைக் குறிப்பைக் கண்டதும் ஒதுங்குகிறார்கள். வணிக வழக்குகளில் அப்படி ஒதுங்க முடியாது.

ஆய்வேடு எழுதுவது கட்டாயமில்லை என்றால் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். மூல ஆவணங்களில் இறங்கி நீளமாக ஒன்றை எழுதாமல் பட்டம் வாங்கினால், மேலே சொன்ன பலன்களில் பெரும்பகுதி கிடைக்காது. வகுப்புக் குறிப்பும் பாடப்புத்தகமும் மட்டும் வைத்து வாங்கும் வரலாற்றுப் பட்டம், சட்டத்துக்கு வேறெந்தப் பட்டத்தையும்விடப் பெரிதாக உதவாது என்பது என் கருத்து.

ஆவணத்துக்காக வெகுதூரம் போகவேண்டும் என்பதும் இல்லை. லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த ஏறத்தாழ 2 லட்சம் விசாரணைகளின் அச்சிட்ட பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கைக்குட்டை திருடியவரும் கொலை செய்தவரும் அடுத்தடுத்துப் பேசுகிறார்கள். வேலைக்காரப் பெண்களின் திருட்டு வழக்குகளை மட்டும் ஒரு பத்தாண்டுக்கு எடுத்துப் படித்தாலே ஆய்வேட்டுக்கு விஷயம் தேறும். அந்தப் பதிவுகளில் எது விடுபட்டிருக்கிறது என்ற கேள்வியும் கூடவே வரும்.

இன்னொரு நடைமுறைப் பலன்: விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். முன்னூறு பேர் உட்காரும் வகுப்பின் பேராசிரியரால் உங்களைப் பற்றி எதுவும் எழுத முடியாது. உங்கள் ஆய்வேட்டின் மூன்று வரைவுகளைச் சிவப்பு மையால் திருத்தியவர் நிறைய எழுதுவார்.

அரசியல் அறிவியலா, வரலாறா?

சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்களில் அரசியல் அறிவியல்காரர்கள் மிக அதிகம். அது பாதகமும் இல்லை, சாதகமும் இல்லை. இன்றைய நிறுவனங்கள் எப்படி இயங்குகின்றன என்பதில் ஆர்வம் என்றால் அது. ஆவணத்தில் தலையைப் புதைக்கப் பிடிக்குமென்றால் வரலாறு. இரண்டையும் சேர்த்து இரட்டைப் பட்டம் வாங்கினால் கூடுதல் மதிப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதற்காகச் செலவாகும் நேரத்தை எல்சாட்டுக்குக் கொடுங்கள்.

வரலாறு எடுக்கவே கூடாது என்று யாருக்குச் சொல்வீர்கள்?

காப்புரிமை வழக்கறிஞராக வேண்டும் என்பவர்களுக்கு. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்களைக் கையாள ஒரு தனித் தேர்வு எழுத வேண்டும். அதை எழுதவே அறிவியல் அல்லது பொறியியல் பின்னணி தேவை. வரலாற்றுப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் தேர்வுக்குள் நுழைய முடியாது. காப்புரிமை மீறல் வழக்குகளை நீதிமன்றத்தில் வாதாடுவதற்கு அந்தத் தேர்வு வேண்டியதில்லை என்றாலும், தொழில்நுட்பம் தெரிந்தவரையே அங்கேயும் தேடுவார்கள்.

வேறு நாடுகளில் எப்படி?

இங்கிலாந்தில் பள்ளி முடித்ததும் நேராகச் சட்டம் படிக்கலாம். வரலாறு படித்தவர்கள் பட்டத்துக்குப் பிறகு சட்டத்துக்கு மாறுவதற்கான படிப்பு ஒன்றை முடித்து உள்ளே வருவது பழைய வழக்கம். நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர் ஆக இன்றும் அதுதான் வழி. கட்சிக்காரருக்கு நேரடியாகச் சட்ட ஆலோசனை தரும் சொலிசிட்டர் ஆவதற்கு 2021-ல் புதிய தகுதித் தேர்வு வந்தது. எந்தத் துறைப் பட்டதாரியும் அதை எழுதலாம், கூடவே இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். வரலாற்றிலிருந்து சட்டத்துக்கு வந்தவர்களில் ஜொனாதன் சம்ப்ஷனைச் சொல்ல வேண்டும். ஆக்ஸ்போர்டில் இடைக்கால வரலாற்றாசிரியராக இருந்துவிட்டு வழக்கறிஞராகி, 2012-ல் நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். நூறாண்டுப் போரின் வரலாற்றையும் பல தொகுதிகளாக எழுதினார்.

இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு ஒரு வழி. ஏதேனும் ஒரு பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. இன்னொரு வழி. வரலாறு படித்தவர்களுக்கு இரண்டாவது. கனடாவில் பெரும்பாலான மாணவர்கள் ஒரு பட்டத்துக்குப் பிறகே சட்டத்துக்கு வருகிறார்கள். எல்சாட்டும் அங்கே பரவலாகக் கேட்கப்படுகிறது.

மூன்றாம் வருடத்தில் சட்டமே வேண்டாம் என்று தோன்றிவிட்டால்?

சரி, விட்டுவிடலாம். சட்டத்துக்கு முன்தயாரிப்பு என்ற பெயரில் நீங்கள் வாங்கியது ஒரு முழுமையான வரலாற்றுப் பட்டம். இதழியல், ஆவணக் காப்பகம், அரசுப் பணி, ஆசிரியர் வேலை, கொள்கை ஆய்வு எதற்கும் அது செல்லும். முடிவு செய்ய முடியாவிட்டால் பட்டம் முடித்துவிட்டு ஓரிரு வருடம் ஒரு சட்ட அலுவலகத்தில் உதவியாளராக வேலை பாருங்கள். வழக்கறிஞரின் நாள் எப்படிப் போகிறது என்று அங்கே தெரிந்துவிடும். எல்சாட் மதிப்பெண் சில ஆண்டுகள் செல்லுபடியாகும் என்பதால், அதை எழுதி வைத்துவிட்டே வேலைக்குப் போகலாம்.